யாரும் பார்க்காத மே

தலைப்பு என்ற கட்டத்தில்
ஹெல்க்கா முதலில் அடித்தது 'பருவநிலை மாற்றம்'.
பேராசிரியர் ஒரே வரியில் பதில் போட்டார்:
எந்தப் பருவம், எங்கே, யாருக்கு?

பிறகு அது ஆர்க்டிக் ஆறுகள் ஆயிற்று,
பிறகு வட பின்லாந்தின் ஆறுகள்,
திங்கள் மாலைக்குள் ஒரே ஓர் ஆறு,
அதிலும் பாலத்துக்குக் கீழே நூறடி.
சுருக்கச் சுருக்க
பயம்தான் பெருத்தது.

விடுதி அடுப்பைத் துடைத்தாள், இரண்டு முறை.
அடிக்குறிப்புகளின் எழுத்துருவை மாற்றினாள்
அடிக்குறிப்பு என்று ஒன்றுகூட இல்லாதபோதே.
பக்க எண் மட்டும் கச்சிதமாக விழுந்திருந்தது: 1.

மூன்று மணிக்கே இருட்டிவிட்ட செவ்வாய்க்கிழமை
நகரக் காப்பகத்தில் பகுதிநேரம் பார்க்கும் தாவி
ஒரு நோட்டைத் தள்ளிவிட்டான்:
"இது ஆராய்ச்சி இல்லை, சூதாட்டம்."

கூட்டுறவுக் கடையின் பந்தயக் கணக்கு.
ஆற்றுப் பனி உடைவது
எந்த நாள், எந்த மணி, எந்த நிமிடம்?
ஜெயித்தவருக்கு ஒரு பொட்டலம் காப்பித்தூள்.
ரொட்டிக்கடைக்காரர் வருடா வருடம்
மே பன்னிரண்டு என்றே கட்டினார்.
பதினெட்டு முறை தோற்றார்.
செத்துப்போன மாமனார் பெயரில் கட்டிய ஒருத்தி.
பொய்ப்பெயரில் ஒரு பாதிரியார்,
பொய்ப்பெயருக்குப் பக்கத்தில் யாரோ வரைந்த சிலுவை.
ஹெல்க்கா சத்தமாகச் சிரித்துவிட்டாள்,
அந்த அறையில் சிரிக்கக் கூடாது.

அப்புறம் அந்தப் பக்கம்.
போருக்கு ஊரே காலியாகிப் போன
குளிருக்கு அடுத்த மே.
கோடு போட்டிருக்கிறது, பெயர்கள் இல்லை.
அடியில் பென்சிலில் இரண்டு வாக்கியம்:
உடைந்தது. யாரும் பார்க்கவில்லை.

யாரும் பார்க்கவில்லை என்று
பார்த்தது யார்?

முன்பக்கங்களைப் புரட்டினாள்.
கடைக்காரரின் எழுத்து காற்றடித்த புல்லாக
இடப்பக்கம் சாய்கிறது.
இது நிமிர்ந்து நிற்கிறது,
கொஞ்சம் நடுக்கத்தோடு,
கையுறை கழற்றாமல் எழுதியதைப் போல.

பருவநிலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்
என்று வியாழக்கிழமை பேராசிரியர் கேட்பார்.
பதில் அவளிடம் இல்லை.
தலைப்புக் கட்டத்தில் இருந்ததை அழித்தாள்,
காலியாகவே விட்டாள்.

மடிக்கணினியில் நான்கு சதவீத மின்சாரம்.
மேசையில் ஒட்டிய அறிவிப்பு: பேனாவுக்கு அனுமதி இல்லை.
வெளியே கடைசிப் பேருந்து
பனியை அரைத்துக்கொண்டு திரும்புவது கேட்டது.

"தாவி, பென்சில் இருக்கா?" என்றாள்.
"முனை உடைஞ்சிருந்தாலும் பரவாயில்லை."