எழுதாத தீவு

மூன்று வருஷமாய் அந்தப் பலகை
ஞாயிறு வகுப்பின் கிழக்குச் சுவரில் தொங்குகிறது.
படகுக்குப் பூசி மிஞ்சிய சாயத்தில்
நானேதான் எழுதினேன்.
ஏழு நிறத்துக்கு நான்குதான் கிடைத்தன.
வில்லின் கீழே தண்ணீர்த் தொட்டி,
தகரக் கூரை ஆலயம்,
சாய்ந்த தென்னை இரண்டு,
கரையில் தெவேயாவின் சிவப்புப் படகு.
பிள்ளைகள் தங்கள் வீட்டைத் தேடி விரல் வைப்பார்கள்.
இனி இங்கே வெள்ளம் வராது
என்று சொல்லிக்கொடுத்தேன்.
வாய்ப்பாடு போலத் திருப்பிச் சொன்னார்கள்.

பிப்ரவரிப் பௌர்ணமியில் கடல்
கதவைத் தட்டாமல் வந்தது.
பபாய்க் குழிகளில் உப்பு இறங்கிற்று.
வருஷக்கணக்காய் வளர்த்த கிழங்கு
பிடுங்கினால் கையோடு குழைந்து வந்தது.
மறுவாரம் மனியாபாவில் ஊர் கூடியது.
தாராவாவிலிருந்து வந்த அதிகாரி
பாயின்மேல் வரைபடத்தை விரித்தார்:
பவளக்கல்லில் ஒரு சுவர்,
அதுவும் தாங்காவிட்டால் வேறு தீவு.
மூப்பர் இயோத்தேபா எழுந்தார்.
"வில் இருக்கும்போது சுவர் எதற்கு?"
என் பலகை இருந்த திசையில் கை நீட்டினார்.
எல்லோரும் தட்டினார்கள்.
நானும் தட்டினேன்.

அன்றிரவு சோலார் விளக்கு மங்கும்வரை
அந்தப் பக்கத்தை வாசித்தேன்.
பாடம் நடத்த வாசிக்கும்போது
தெரிந்ததுதான் கண்ணில் படும்.
அன்று பயந்து வாசித்தேன்.
பூமி முழுவதும், என்றிருக்கிறது.
உயிருள்ள யாவும், என்றிருக்கிறது.
கல்லெறிந்தால் மறுகரையில் விழும்
இந்தப் பவளத் திட்டு, என்றில்லை.
முன்னும் பின்னும் புரட்டினேன்,
கூடையைக் கவிழ்த்து ஊசி தேடுகிறவள்போல.
எங்கள் தென்னை இல்லை.
தொட்டி இல்லை.
தேவன் கொடுத்த வாக்குக்குள்
நான் ஒரு தீவை இடைச்செருகியிருந்தேன்.

அன்பினால்தான் செருகினேன்.
அப்படிச் சொல்லிப் பார்த்தேன்;
சொன்னதால் அது குறையவில்லை.

ஞாயிறன்று பலகையைக் கழற்றித் தரையில் வைத்து
வில்லை விட்டுவிட்டு
மீதியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.
மரேத்தா அழுதாள்.
"டீச்சர், எங்க வீடு!"
"வீடு நான் போட்டது," என்றேன்.
"வில் அவர் போட்டது."
அதற்குமேல் ஒரு வாக்கியம்
நாக்கு நுனிவரை வந்தது,
இனிப்பானது,
ஓர் அழுகையை நிறுத்தப் போதுமானது.
விழுங்கினேன்.

விசுவாசத்தைத் துடைத்தவள் என்றாராம் இயோத்தேபா.
ஆலயத்தில் என் வரிசையில் உட்காருவதை விட்டார்.
ஈஸ்டர் கழிந்த ஒரு சாயங்காலம்
வாசலில் வந்து நின்றார்,
மூக்குக்கண்ணாடியின் ஒரு காது தூண்டில் நரம்பில்.
"காட்டு."
வரி வரியாக ஊர்ந்தது விரல்,
வலையில் கிழிசல் தேடும் அதே விரல்.
"இல்லைதான்," என்றார்.
வெகுநேரம் கழித்து,
"பின்னே என்னதான் இருக்கிறது?"

இருந்ததைக் காட்டினேன்.
வில்லைப் பார்த்து நினைத்துக்கொள்வது
நாம் அல்ல, அவர்.
"உயிருள்ள யாவும் என்றால், நாமும் உண்டா?"
"உண்டு."
"தீவு?"
பக்கத்தைப் பார்த்தேன்.
பக்கம் அங்கேயே முடிந்திருந்தது.

போகிற வழியில் சுவருக்கென்று
பையன்கள் குவித்த கல் ஒன்றைக்
காலால் அசைத்துப் பார்த்தார்.
கனமாயிருந்திருக்கும்.
அப்படியே விட்டுப் போனார்.

பலகையைத் திரும்ப மாட்டியிருக்கிறேன்.
நான்கு நிற வில்.
கீழே, எவ்வளவு தேய்த்தும் போகாத
கொஞ்சம் பச்சை.
மரேத்தா இப்போதும் அங்கேதான் விரல் வைக்கிறாள்.
நான் தடுப்பதில்லை.
ஆமென்றும் சொல்வதில்லை.