வீச்சு

தேவிகுளத்துக்கு அப்பால்
மலை இறங்கி ஆற்றை அடைத்து மூன்றாம் நாள்.
கீழே பதினாறு லயங்கள். மேலே
போன வாரம் தேயிலையாக இருந்த இடத்தில்
பழுப்பாக ஓர் ஏரி. அதில் மிதக்கும் ஒரு கொளுந்துக் கூடை.

ஜேசிபி வரப் பாலம் இல்லை.
பெட்டிக்கு இருவராகத் தோளில் சுமந்து வந்தோம்,
அட்டை உறிஞ்சிய கால்களோடு.
நான் ஹவில்தார், கொழிஞ்சாம்பாறைக்காரன்.
பஞ்சாபிக் கேப்டனுக்கும் இந்த லயத்துக்கும் நடுவே
என் நாக்குதான் தொங்குபாலம்.

வெடி வைத்து வாய்க்கால் வெட்ட வேண்டும்.
கயிறு பிடித்துப் பார்த்ததில் வழி ஒன்றுதான்:
எஸ்டேட் இடுகாட்டின் குறுக்கே.
நீலப் பெயின்ட் அடித்த சிலுவைகள், துருவேறிய ஒரு சூலம்,
பெயரில்லாமல் வருஷம் மட்டும் செதுக்கிய ஒரு கல்.

எங்கள் கையேட்டில் அட்டவணை உண்டு.
களிமண்ணுக்கு இவ்வளவு, சரளைக்கு இவ்வளவு,
ஈரமென்றால் இன்னும் கொஞ்சம் கூட்டு.
'செம்மண், ஈரம்' என்று எழுதிக்கொண்டேன்.

மெகாபோனில் மலையாளத்தில் ஒரு முறை,
தமிழில் இரண்டு முறை.
எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள்.
பேச்சித்தாய் ஏறவில்லை.
சாக்கைக் கொங்காணியாய்ப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"மண்ணு எம்புட்டு ஒசரம் போகும், சார்?"
தென்னை உயரம் போகும் என்றேன்.
"போனது, கெளம்புன எடத்துலயே விழுமா?"

தூக்குவது யாருக்கும் வரும்.
எந்தப் பக்கம் எறிவது என்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
"ஆத்துப் பக்கம் விழும்மா."

ஆற்றைப் பார்த்தாள்.
சிவப்பு ரிப்பன் கட்டிய முளைக்குச்சிகளில்
நாலாவதைப் பார்த்தாள்.
"சரி. அவருக்கு நீச்சு தெரியும்."
பிறகு நடந்தாள், என் ஐந்து நிமிஷத்தில்
மூன்றை எடுத்துக்கொண்டு.

விசில்.

முதலில் சத்தமே இல்லை, தரை மூச்சிழுத்தது.
அப்புறம் மண் எழுந்து நின்றது வரிசையாக,
காலை மஸ்டருக்கு நிற்பதுபோல்.
பெயர் கூப்பிட ஆளில்லாமல் ஒரு கணம்.
கணக்குப் போட்டபடியே சாய்ந்தது.

தண்ணீர் புது வழியை மோந்து பார்த்தது,
தயங்கியது, ஓடியது.
சாயங்காலத்துக்குள் ஏரி பாதி.
கூடை எங்கள் வாய்க்கால் வழியே
இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

அகற்றிய மண்: எழுநூற்று நாற்பது கன மீட்டர்.
சேதம்: இல்லை.
கேப்டன் கையெழுத்துப் போட்டார்.
லயத்திலிருந்து கட்டஞ்சாயா வந்தது, சர்க்கரை தூக்கலாக.

ராத்திரி முழுக்கக் காதில் விண்ணென்ற ஒலி.
கூடாரத்தை விட்டு வெளியே வந்தேன்.
கரையோரமாக ஒரு டார்ச் வெளிச்சம்
தண்ணீர் போகும் திசையில் போய்க்கொண்டிருந்தது,
அவசரமில்லாமல்,
பாறைக்குப் பாறை நின்று.