லாம்

காட்பாடி காந்தி நகரில்
மருந்துக்கடைக்கு மேலே எங்கள் சங்கத்தின் கிளை.
மூன்றாம் சனிக்கிழமை, மாலை ஐந்தரை.
கட்டுமான நீர்த்தரத் துணைக்குழு, ஏழாவது கூட்டம்.
ஒன்பது பேரில் ஐவர் வந்தால்தான் செல்லும்.
நான்கு பேர் உட்கார்ந்து
படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று
பேசாமல் இருந்தோம்.

ஆறு மணிக்கு வந்தார் ஜியாவுதீன்,
மேல்விஷாரத்திலிருந்து, ஹெல்மெட்டும் கையுமாக.
"பாலாத்துப் பாலத்துல லாரி நின்னுபோச்சு."
கூட்டம் செல்லுபடியானது.
நான் பேனா மூடியைக் கழற்றினேன்.

பொருள் ஒன்று: சென்ற கூட்டக் குறிப்பு.
உறுதிசெய்யப்பட்டது.
பொருள் இரண்டு: மேஸ்திரிகளுக்கான தமிழ் வழிகாட்டி,
நான்காம் பக்கம், மூன்றாம் வரி.
'கலவைக்கு எடுக்கும் தண்ணீரைச் சோதிக்கலாம்.'

"லாம் கூடாது," என்றார் ஜியாவுதீன்.
"வேண்டும்னு போடுங்க."

தலைவர் ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
எந்த வாக்கியம் யாரைத் தணிக்கையில் நிறுத்தும் என்று
முப்பத்தோரு வருடம் பொதுப்பணித்துறையில் பார்த்தவர்.
"வேண்டும்னா யார் செலவு?
திமிரியில ரெண்டு ரூம் கட்டறவன்
தண்ணி பாட்டிலைத் தூக்கிட்டு எந்த லேபுக்குப் போவான்?
நாம சங்கம். சர்க்கார் இல்ல."
அதுவும் சரிதான் என்று பட்டது.
'தலைவர் நடைமுறைச் சிக்கலைச் சுட்டினார்'
என்று எழுதிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக் கட்டடப் பிரிவிலிருந்து வரும் கிருபாவதி
நடுவழி ஒன்று சொன்னார்: 'சோதிப்பது நலம்.'
"நலம், நலமறிய ஆவல்," என்றார் துரைக்கண்ணு.
சிரித்தோம்.
மின்சாரம் போயிற்று.
ஜன்னலைத் திறந்தால்
திருப்பதிப் பக்கம் போகும் ஒரு சரக்கு ரயில்.
கடைசிப் பெட்டி கடக்கும்வரை
வினைமுற்று மேஜைமேல் அப்படியே கிடந்தது.

விசிறி மறுபடி சுழல
தாள்கள் பறக்கத் தொடங்கின.
ஜியாவுதீன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து
வருகைத் தாள்மேல் வைத்தார், கனத்துக்கு.

ஒரு சாண் கம்பி.
பன்னிரண்டு மில்லிமீட்டராகப் போட்டது.
இப்போது பென்சில் தடிமன்கூட இல்லை.
ஈரம் இன்னும் காயவில்லை.
"ராணிப்பேட்டைப் பக்கம் டியூஷன் சென்டர்.
ஒன்பது வருஷக் கட்டடம். சன்ஷேடு.
கிணறு, தோல் ஷெட்டுக்குப் பின்னால.
நல்லவேளை, ஞாயித்துக்கிழமை."

டிசைன் யாருடையது என்று கேட்டார் துரைக்கண்ணு.

"என்னோடதுதான்.
டிராயிங்லயே எழுதியிருந்தேன் தண்ணியப் பத்தி.
சோதிக்கலாம்னு."

டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

கை தூக்கச் சொன்னார் தலைவர்.
குறிப்பெழுதுகிறவளுக்கும் ஒரு வாக்கு உண்டு;
பேனாவோடே தூக்கினேன்.
மூன்றுக்கு ஒன்று.
துரைக்கண்ணு திமிரிக்காரனுக்காகக் கையை இறக்கியே வைத்திருந்தார்;
அதில் வீம்பு இல்லை.
சோதனைச் செலவைக் குறைக்கும் வழி காண
இன்னொரு துணைக்குழு.
அமைப்பாளர்: துரைக்கண்ணு.
அவரே இலவம்பாடியிலிருந்து கொண்டுவந்த முள்ளுக் கத்திரிக்காய்
ஆளுக்கு ஒரு கிலோ.
அதற்குத் தீர்மானம் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை, சித்தூர் பஸ் நிறுத்தம் அருகே நகல் கடை.
தலைமையகத்துக்கு இரண்டு பிரதி.
வருகைத் தாளின் நடுவே
ஐந்து கையெழுத்துக்கும் குறுக்காக
ஒரு சாண் துருக்கறை.
கடைப் பையன் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
"மேடம், இது காப்பியில கறுப்பா விழும்.
வெள்ளை பூசி மறைச்சிடலாமா?"

"வேண்டாம்," என்றேன்.