கோலியின் கணக்கு

தனிஸ்லாஸ் பூட்ஸைக் கழற்றியது
மார்கழிக் கடைசியில், குளச்சல் பைனல் முடிந்து,
கோப்பை வேனுக்குள் ஏறிய பிறகு.
வலது முட்டியில் நீர் என்றான். வயசு முப்பத்தாறு என்றான்.
லேஸ் இரண்டையும் சேர்த்து முடிந்து
டிரைவர் கண்ணாடியில் தொங்கவிட்டான்.
நாங்கள் பிரியாணிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தோம்.
சும்மா சொல்கிறான் என்று நினைத்தோம்.

நான் கோலி.
பதினோரு வருடமாக என் வேலை இவ்வளவுதான்:
பந்தைப் பிடி, நிமிர்ந்து பார்க்காதே, நடுவில் எறி.
கரண்டு போன வீட்டில்
தீப்பெட்டி இருக்கும் இடம் கைக்குத் தெரிவதுபோல
அவன் நிற்கும் இடம் தெரியும்.

தையில் பூத்துறையோடு முதல் ஆட்டம்.
அவர்களும் பழக்கதோஷத்தில்
இரண்டு பேரை அவன் இடத்துக்குக் காவல் போட்டார்கள்.
பத்து நிமிடம் அந்த இருவரும்
வெறும் மணலுக்குக் காவல் நின்றார்கள்.
பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து
முன்னால் ஏறி வந்தார்கள்.
மூன்று.

இனயத்தில் நாலு.
மார்த்தாண்டந்துறையில் இரண்டு, அதில் ஒன்று என் காலிடுக்கில்.
பொழியூரில் தோற்றுக்கொண்டிருக்கும்போது மழை வந்தது,
ஆட்டம் நிற்க வேண்டுமென்று ஜெபித்தோம்.
மழை நின்றது.

மேனேஜர் லாசர் மலப்புறத்திலிருந்து ஒரு பையனை
ஆட்டத்துக்கு மூவாயிரம் பேசி இறக்கினார்.
நல்ல கால். ஆனால் பந்து வேண்டுமென்றால் கத்துவான்.
தனிஸ் ஒருநாளும் கத்தியதில்லை.
தொடையில் விரலால் இரண்டு தட்டு,
அதற்குள் பந்து அங்கே போயிருக்கும்.
பத்தாம் நம்பரைப் பெர்ஜின் போட்டுப் பார்த்தான்,
நாலாவது ஆட்டத்தில் துவைத்து மடித்துத் திருப்பித் தந்தான்,
தோளில் உரசுகிறதாம்.

ஞாயிறு பூசையில் சாமியார்
"நமது அணிக்காகவும்" என்று சேர்த்துக்கொண்டபோது
பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு.
நாற்பது நாள் தங்கலுக்குப் போன போட்டுகளில்
கரையிலிருந்து வயர்லெஸ் கிடைத்ததும்
முன்பெல்லாம் ஸ்கோர்தான் முதலில் கேட்பார்கள்.
இப்போது சுறா என்ன விலை என்று கேட்கிறார்கள்.

கடைசி ஆட்டம் சின்னத்துறையோடு, ஈஸ்டர் கழிந்த வாரம்.
நாலு வாங்கியிருந்தோம்.
ஐந்தாவதைத் தடுத்துப் பந்தோடு எழுந்தேன்.
எறியக் கை ஓங்கியபோது தோன்றியது,
எங்கே?
அன்றுதான் முதன்முதலாகத் தலை நிமிர்ந்து
மைதானத்தைப் பார்த்தேன்.
ஆறு பேரும் நடுவையே பார்த்து நிற்கிறார்கள்,
ஆள் வந்து இறங்கப்போகிற பஸ்ஸை எதிர்பார்ப்பதுபோல.
இடது ஓரத்தில் ஜெனிஷ் மட்டும்
கன்னத்தில் வழிந்த வேர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.
எறிந்தேன்.
பதறினான், ஓடினான், கண்ணை மூடி அடித்தான்,
கோல் வாசலில் ஒரு கூட்டம்,
மணல், சத்தம்,
வலைக்குள் பந்து.
அதற்குப் பிறகு இன்னொன்று வாங்கினோம். அது வேறு.

சாயங்காலம் ஐஸ் கம்பெனிப் பக்கம் நடந்தேன்.
தனிஸ் அங்கேதான் எடை போடுகிறான் இப்போது.
தராசில் ஒரு பெரிய சூரை.
நிமிராமலே கேட்டான்:
"எத்தன?"
"அஞ்சு ஒண்ணு."
"ஒண்ணு ஆரு?"
"தெரியல்ல மக்கா. ஆரோட முட்டிலயோ பட்டு உள்ள போச்சு."

முள் ஆடி ஆடி நிற்கும்வரை
ஒன்றும் பேசவில்லை.
சிட்டையில் எடையை எழுதினான்.
பேனாவைக் காதில் செருகினான்.

"எந்த முட்டி?"