சுவரை மிதிக்காதே

காகிதத்தில் எல்லா வண்டியும் நிற்கும்.
காகிதத்தில் யாரும் கதவைத் திறப்பதில்லை.
அதனால்தான் டாஃபினில், ஒரு பிப்ரவரி ஞாயிறு,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழில்
பிக்கப்பைப் பின்முற்றத்துக்கு ஓட்டிவந்து
நாலு கதவையும் விரியத் திறந்துவைத்தேன்.
பக்கத்தில் மார்லிஸின் சின்னக் கார்,
அதன் கதவுகளும் அப்படியே.
பறக்கக் கிளம்பி
பாதியில் விறைத்துப்போன வண்டுகள் இரண்டு.

கோடு கிழிக்க எதுவும் இல்லை.
சுண்ணாம்புத் தூள் பனியில் தெரியாது.
போர்ஷ் சூப்புக்கு வேகவைத்த பீட்ரூட் தண்ணீரை
பூவாளியில் ஊற்றி எடுத்துவந்தாள்.
ஆவி பறக்கப் பனியை அரித்து இறங்கி
இறங்கிய இடத்திலேயே உறைந்தது சிவப்பு.
வேலிக்கு அப்பால் வெர்னன் எட்டிப் பார்த்தார்:
"யாரைக் கொன்றீர்கள்?"
"இன்னும் முடிவாகவில்லை" என்றாள்.

இருபத்துநாலு அடி அகலம். அதில் சண்டை இல்லை.
கதவுக்கும் கதவுக்கும் நடுவில்
இரு கையிலும் மளிகைப் பைகளோடு
ஒரு முழுச்சுற்று திரும்பிப் பார்த்தாள்.
வெறும் பைகள் அல்ல,
உருளைக்கிழங்கு நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆழம்தான் தகராறு.
வண்டி பத்தொன்பது அடி நாலு அங்குலம்.
அதன் மூக்குக்கு முன்னால்
பனி தள்ளும் இயந்திரம்,
கோடைக்கான எட்டு டயர்கள்,
மான்கறி ஃப்ரீசர்,
அப்புறம் என் தோணி. பதினேழு அடி.
அது ஏரியைப் பார்த்து நாலு வருடம் என்று
அவள் சொல்லவில்லை.
சொல்லாததையும் சேர்த்து அளந்து
நான் சொன்னேன்: முப்பது.

முப்பதில் நிற்கிறது ஸ்ப்ரூஸ் மரம்.
இருபத்தெட்டிலேயே தொடங்கிவிடுகிறது அதன் வேர்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும், ஓரெஸ்ட்."
"கான்கிரீட் பிறகு வீங்காது.
ஊற்றும்போதே வீங்கட்டும்."
"அகலக் கால் வைக்காதே என்றுதான் கேட்டிருக்கிறேன்,
நீ நீளக் கால் வைக்கிறாய்."

அவள் சிரித்தது மூச்சுப் புகையில் தெரிந்தது.
நான் சிரிக்கவில்லை.
டேப்பின் மறுமுனையை அவள் விட்டுவிட
அது சீறிக்கொண்டு வந்து என் கையுறைக்குள் சுருண்டது.

அடுப்பில் சூப்பு இருந்தது.
வீடு வலப்பக்கம், பத்தே தப்படி.
அவளோ சிவப்புக் கோட்டருகே வந்து நின்று,
திரும்பி,
சந்துப் பக்கம்வரை நடந்து,
கதவுக்கென்று விட்டிருந்த ஒன்பதடி இடைவெளியில் வெளியேறி,
முட்டளவு பனியில் முழுதாகச் சுற்றிக்கொண்டு
வீட்டுப் படிக்குப் போனாள்.

நான் நேராகக் கிளம்பினேன்.
"சுவரை மிதிக்காதே!"
படியிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றேன்.
உயரமே இல்லாத சுவர்.
எப்படி அவளுக்குத் தெரிந்தது?
காலை இறக்கி, உள்ளேயே நின்று,
வேறு செய்ய ஏதுமில்லாததால் அண்ணாந்து பார்த்தேன்.

மேலே யாரும் கோடு போட்டிருக்கவில்லை.
தோணிக்குத் தரை எதற்கு?
இரண்டு கப்பி, நாலு கொக்கி, நல்ல கயிறு.
சுவர் எட்டடி அல்ல, பத்தரை.
வண்டியின் முதுகுக்கு மேல் கவிழ்ந்து தொங்கட்டும் அது,
ஏரி வரும்வரை.
அப்படியானால் இருபத்தாறு போதும்.
அப்படியானால் மரம் நிற்கும்.

இதைச் சொல்ல ஓடினேன்.
சுற்றிக்கொண்டுதான் ஓடினேன்.
சூப்பை ருசி பார்த்துக்கொண்டே கேட்டாள்,
"உப்பு கம்மியா?" என்றாள் பதிலுக்கு.
கம்மிதான்.

ராத்திரி ஒரு சாண் பனி விழுந்தது.
காலையில் கோடும் இல்லை, சிவப்பும் இல்லை,
வெள்ளை முற்றத்தில் இரண்டு வண்டிகள்,
வேலிமேல் ஒரு காக்கை.
வேலைக்கு நேரமாகிவிட்டது.
எஞ்சினைச் சூடேற்றி,
பின்னோக்கி மெல்ல எடுக்கும்போதுதான் கவனித்தேன்:
பக்கக் கண்ணாடிகள் இரண்டையும்
நானே மடக்கி வைத்திருக்கிறேன்.

அலுவலகம் போனதும் முதல் வேலையாக
மரக்கடைக்குப் போன் செய்து
கதவு அகலத்தை மாற்றச் சொன்னேன்.
ஒன்பது போதாது.
பத்து.