ஐந்தாவது பதக்கம்

ஒரு குரோசுக்குக் காலணா கூலி.
குரோசு என்றால் நூற்று நாற்பத்து நாலு பெட்டி.
நூற்று நாற்பத்து நாலு தடவை
மேஜர் தேவசிகாமணியின் முதுகில் பசை தடவி
முகத்தை அழுத்தி ஒட்டினேன்.

மைதாவும் மயில்துத்தமும் போட்டுக் காய்ச்சிய பசை.
சோற்றுக்கு உட்காரக் கை கழுவினாலும்
கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருப்பார்,
மீசை ஒரு பக்கம் கிழிந்து.

எந்தச் சண்டையில் மேஜர் ஆனார் என்று
குடியாத்தத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.
வந்தார்.
பென்ஷன் சிப்பாய்கள் அறுபது பேரைச் சேர்த்துக்
கௌண்டன்ய ஆற்று மணலில்
லெஃப்ட் ரைட் போட வைத்தார்.
சந்தையில் மேசைமேல் ஏறிக் கேட்டார்:
"ராஜா இல்லாத கோட்டை என்று
வேலூரை இன்னும் எத்தனை நாள் கேலி பேசுவீர்கள்?
இதோ நிற்கிறேன்."

லேபிள் போடுகிற ஜம்புலிங்கம் அந்தக் கூட்டத்தில் இருந்தான்.
அவனுக்கு நாக்குத் திக்கும்.
பதில் பேசமாட்டான், கல்லில் வரைவான்.

முதல் லேபிள்:
தண்ணியில்லாத ஆற்றில் ஒரு படகு,
படகில் மேஜர்,
கண்ணில் தூரதிருஷ்டிக் கண்ணாடி.
வடம் கட்டி இழுப்பது ஒரு கழுதை.

அடுத்ததில் கோட்டைக்குள் சிம்மாசனம்.
உட்கார்ந்தவருக்குக் கால் தரைக்கு எட்டவில்லை.
சல்யூட் அடிக்கிறது ஒரே ஒரு காக்கை.

இன்னொன்று வைகாசியில் வந்தது.
கெங்கையம்மன் சிரசு போகிற தெருவில்
தொப்பி மட்டும் பல்லக்கில் போகிறது,
பின்னாலேயே உடம்பு
தலையைத் தேடிக்கொண்டு ஓடுகிறது.
ரஹ்மத்பீ அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்
பசைச்சட்டி கவிழ்ந்து
அரை நாள் கூலி போச்சு.

மேஜர் உத்தரவு போட்டார்:
ஒரு பெட்டி விடாமல் வாங்கிக் கொளுத்து.
சிப்பாய்கள் கடைகடையாக ஏறி வாங்கினார்கள்.
கொளுத்த நெருப்பு வேண்டுமே,
அதற்கும் அவர் பெட்டியில்தான் உரசினார்கள்.
கடைக்காரர்கள் இன்னும் பத்து பண்டல் கேட்டார்கள்.
முதலாளிக்கு வாயெல்லாம் பல்.
எங்களுக்கு லாந்தர் வெளிச்சத்தில் ராத்திரி வேலை,
அதே காலணா.

பிறகு ஒரு நாள் அவரே வந்தார்.
பூட்ஸ் சத்தம் கேட்டதும்
ஒட்டியதை முந்தானையால் மூடினோம்,
மூடவா முடியும், மலைபோல் கிடந்தது.
ஜம்புலிங்கம் மை உருளையோடு எழுந்து நின்றான்.
மேஜர் ஒரு லேபிளை எடுத்துக்
கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.
"நாலுதான் போட்டிருக்கிறாய்.
எனக்குப் பதக்கம் அஞ்சு."

அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த அச்சில் ஐந்தாவது பதக்கம் இருந்தது,
கழுதையின் கழுத்தில்.
ஊரே சிரித்தது.
எனக்கு மட்டும் அதை ஒட்டும்போது சிரிப்பு வரவில்லை,
ஏன் என்று கேட்காதீர்கள்.

முனிசிபல் தேர்தலில் எழுபத்தோரு ஓட்டு.
ஐப்பசியில் ஆற்றில் தண்ணி வந்தது,
அதே வாரம் மேஜர் போய்ச் சேர்ந்தார்.

சுடுகாட்டுக்கு நான் போகவில்லை, வீட்டுக்காரர் சொன்னது:
தூறலில் கொள்ளிச்சட்டி அவிந்துபோச்சாம்.
தீப்பெட்டி இருக்கா என்று மகன் கேட்டானாம்.
அறுபது பேரும் ஜேபிக்குள் கையை விட்டார்கள்.
ஒருத்தரும் வெளியே எடுக்கவில்லை.

கடைசியில் ஜம்புலிங்கம் முன்னால் வந்தான்,
லேபிளை உரித்த பெட்டியோடு.
உரித்த இடத்தில்
என் பசை மட்டும், லேசான நீலத்தில்.