அல்லது அதற்கு இணையான

புவெர்த்தோ மொந்தில் மழை.
மூன்றாம் மாடி அறையில்
மேல்முறையீட்டுக் குழு நான்காவது முறையாகக் கூடியிருக்கிறது.
மேசைமேல் இரண்டு உயிர்காப்பு அங்கிகள்.
ஒன்று ஆரஞ்சு நிறம்.
மற்றதும் ஆரஞ்சுதான்.

தீவுகளுக்கிடையே ஓடும் பதினோரு படகுகளுக்கு
எழுநூறு அங்கிகள் வாங்க டெண்டர்.
பிரிவு 7.4 ஒரு சான்றிதழ் எண்ணைக் கேட்கிறது.
வல்பரைசோ இறக்குமதியாளரிடம் அது இருக்கிறது,
இருமடங்கு விலையோடு.
கெயோன் ஊரில் தையற்கூடம் வைத்திருக்கும்
நோல்ஃபா மியாலோங்கோவிடம் இருப்பது
வேறு ஆய்வகம், வேறு எண்.
ஆனால் அதே பிரிவின் வாலில்
மூன்று சொற்கள் தொங்குகின்றன:
அல்லது அதற்கு இணையான.

எட்டு மாதமாக
இந்த மூன்று சொற்களைத்தான்
பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.
கோப்பு நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

"இணை என்று யார் சொன்னது?"
வழக்கறிஞர் லிராவின் குரல்
பனிக்காலத்திலும் வியர்க்காத குரல்.
"எந்த முத்திரை? எந்தத் தேதி?
உறைகளைத் திறந்த காலையில்
அந்த மை உலர்ந்திருந்ததா?"

நோல்ஃபா எழுந்தாள்.
வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை
என்பதையும் கோப்பில் சேர்த்திருக்கிறோம்.
"உங்கள் எண்ணை வெதுவெதுப்பான தொட்டியில் வைத்துப் பார்த்தார்கள்.
எங்கள் கடல் ஜூலையில் பத்து டிகிரி.
என் அங்கியை மாட்டி
என் மைத்துனன் எலியேசரைத்
துறையிலிருந்து தள்ளிவிட்டேன்.
மயங்கியவன் மாதிரி கிட என்றேன்.
முகம் மேலே வந்தது.
நீலமாகத்தான் வந்தது.
ஆனால் மேலே வந்தது."

யாரோ சிரித்துவிட்டு இருமலாக்கினார்.
தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்:
"எலியேசர் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் அல்ல."

இதையும் எழுதிக்கொண்டேன்.
நான் மூலை மேசை, நடவடிக்கைக் குறிப்பு.
போன வருடம்வரை கொள்முதல் பிரிவில் இருந்தேன்.
7.4ஐ எழுதியவன் நான்.

எழுதியவன் என்பது பெரிய வார்த்தை.
ஒரு வெள்ளிக்கிழமை,
ஐந்து மணிப் பேருந்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கையில்
பழைய டெண்டர் ஒன்றைத் திறந்து
ஈயடிச்சான் காப்பி.
ஈயும் இருந்தது, இறக்கையோடு.
அதன் பெயர்தான் இப்போது தகுதி நிபந்தனை.

நேற்றிரவு முதல்முறையாக
அந்த எண்ணின் பின்னாலிருக்கும் புத்தகத்தைப் படித்தேன்.
சால்மன் பண்ணையின் வேலையாட்களுக்கானது.
கனத்த மழைக்கோட்டு, இரும்பு மூக்கு பூட்ஸ்,
எழுபது கிலோவுக்குக் குறையாத உடம்பு.
ஏழு மணிப் படகில் வருவது
பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

இதை அறையில் ஒருவரும் கேட்கவில்லை.
லிரா இணையைப் பற்றிப் பேசினார்.
தலைவர் இணையைப் பற்றிக் கேட்டார்.
மழை ஜன்னலில் அடித்தது.

முடியப்போகும் நேரம் நோல்ஃபா
பைக்குள் கைவிட்டு
இன்னொன்றை எடுத்து வைத்தாள்.
சின்னது. தொடைகளுக்கிடையே போகும் வார்,
கழுத்துக்குப் பின்னால் ஒரு கைப்பிடி,
பிடித்துத் தூக்க.
"இதற்கு எண் கிடையாது," என்றாள்.
"உங்கள் பட்டியலிலும் இது கிடையாது.
சும்மா தைத்தேன்."

"பட்டியலில் இல்லாத பொருள்
குழுவின் பார்வைக்கு வரமுடியாது" என்றார் தலைவர்.
"எடுத்துவிடுங்கள். குறிப்பில் வேண்டாம்."
இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு.

அவள் எடுத்தாள். அவசரப்படவில்லை.
வாரை மடித்து, கொக்கியைப் பூட்டி,
நாளைக்கே யாரோ போடப்போவதுபோல.

என் பேனா தாளில் நின்ற இடத்தில்
மை ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.
அந்தப் புள்ளியிலிருந்தே தொடங்கினேன்:
மூன்றாவது அங்கி ஒன்று காட்டப்பட்டது.
சிறு அளவு.
பிரிவு 7.4இல் உள்ள எண்
இப்படகுகளுக்கு உரியதன்று.
நகலெடுத்தவன்,
என்று எழுதி, என் பெயரை எழுதி,
அடித்தேன்.

அடித்ததற்கு மேலே
மறுபடி எழுதினேன்.

குழு பதினெட்டாம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது.
ஐந்து மணிப் பேருந்து
எனக்காக நிற்கவில்லை.